பதினான்காவது வளைவு

செவ்வாய்பேட்டையில், கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
இரவு பதினொன்றுக்கு என் மேசையில்
இரண்டு மெமரி கார்டுகள்.
ஒரே கல்யாணம்.

மாதேஷின் லென்ஸ் ஒன்றே கால் லட்சம்;
இன்னும் பதினெட்டுத் தவணை பாக்கி.
அதில் எல்லாமே விழுந்திருக்கிறது:
பட்டின் ஒவ்வோர் இழையும்,
மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு பரு,
அழுது துடைத்த மையின் மிச்சம்.
பெண் வீட்டார் சொல்லி அனுப்பியது ஒரே வரி:
“முகத்தைக் கொஞ்சம் பளிச்சுனு பண்ணிடும்மா.”
ஒன்றே கால் லட்சத்தில் பிடித்ததை
முன்னூறு ரூபாய்க் கூலிக்கு அழிக்கிறேன்.
பருவை முதலில். மையைப் பிறகு.
சந்தனக்காப்புச் சாத்திய மாதிரி
முகம் வழவழவென்று ஆகிவிட்டது.

அர்த்தனாரியுடையது கேமராவோடு வந்த லென்ஸ்.
இரண்டு மழைக்காலம் பீரோவில் கிடந்து
உள்ளே பூஞ்சை.
ஓரமெல்லாம் கரைகிறது.
அவரும் ஒன்றும் மேதையில்லை,
மூன்றாம் முடிச்சையே தவறவிட்டவர்.
ஆனால் மறுநாள், ஏற்காடு ஏறும் வழியில்,
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
வேன் நிற்கிறது.
மணப்பெண் குனிந்து வாந்தி எடுக்கிறாள்.
மாமியார் ஒரு கையில் அவள் சடையை
பூவோடு தூக்கிப் பிடித்திருக்கிறார்,
மறு கையில் மூடி திறந்த தண்ணீர் பாட்டில்.
பின்னால் சில்வர் ஓக் மரங்கள்,
பூஞ்சையா மூடுபனியா தெரியாத ஒரு வெண்மை.

பூஞ்சை என்றே நினைத்து நீக்கிப் பார்த்தேன்.
மரங்கள் தெளிந்தன.
மாமியாரின் கை மட்டும்
வெட்டி ஒட்டினாற்போல் தனியே நின்றது.
திரும்ப வைத்தேன்.

ஆல்பத்தில் இதைப் போட விட மாட்டார்கள்.
தெரியும்.
கடைசிக்கு முந்தைய பக்கத்தில் வைத்துவிட்டு,
கீழே தட்டும் சத்தம் ஓய்ந்ததும்
விளக்கை அணைத்தேன்.