அசை

மூன்றாம் நாள் விடிகையில் பனிப்புயல் ஓய்ந்தது.
தீவனவண்டி ஓடாத இரண்டு நாளும்
தொட்டியின் இரும்பை நக்கிக்கொண்டு நின்றன
பதினேழாம் பட்டியின் எருதுகள்.
தெற்கு ஆல்பர்ட்டா. மைனஸ் முப்பத்தொன்று.
கத்தக்கூட இல்லை அவை, பார்த்தன.
அந்தப் பார்வைக்குப் பயந்து
பார்லியை மட்டும் கொட்டினேன், தொட்டி வழிய.
வைக்கோல் கட்டுகள் பனிக்கு அடியில் கிடந்தன.
மண்வாரி என் வண்டியிலேயே இருந்தது.
இதை லாரிசாவிடம் சொல்லவில்லை.
இங்கே சொல்கிறேன்.

ஒரு மாட்டின் விலாவுக்குள்
காற்றுப் புகாத தேசம் ஒன்று இருக்கிறது.
புல்லின் நாரைப் பிரிப்பவை,
பிரித்துப் போட்டதைத் தின்பவை,
தின்றவை விட்ட ஆவியை உண்டே உயிர்வாழ்பவை,
நடுவே, உடம்பெல்லாம் துடுப்பாய்
சோம்பி நீந்தும் பெரிய உடம்புக்காரர்கள்:
மாவுமணி ஒன்றை வயிற்றில் பொத்திவைத்து
எரிய வேண்டியதை
மெல்ல எரியவிடுபவர்கள்.

மாவு வெள்ளமாய் இறங்கிய அன்று
நார் தின்பவர்க்கு வேலை போயிற்று.
அதுவரை ஓரமாய் ஒதுங்கிக் கிடந்த சிறு கூட்டம்
ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி,
நள்ளிரவுக்குள்
நாடெல்லாம் தானே ஆனது.
தான் கழித்த புளிப்பில்
தனக்கே மூச்சு முட்டிச் சாகையில்
புளிப்பே தாய்ப்பாலான வேறொன்று
காலி வீடுகளில் குடியேறியது.
வெளியே, தண்ணீர்த் தொட்டியருகே,
எருது ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
எனக்குக் கேட்டது அது மட்டும்தான்.

லாரிசா வொய்ச்சுக் வந்தபோது
பதினொன்று படுத்துவிட்டன.
417 மட்டும் நின்றது,
குடிகாரனைப் போல் கால் அகட்டி.
சாம்பல் நிறச் சாணம், நுரை,
நுரைக்குள் உடையாத பார்லி.
இடது விலாக் குழியில் முஷ்டியை அழுத்தி
கடிகாரத்தைப் பார்த்து நின்றாள்.
ஒரு நிமிடம். இரண்டு.
புரள வேண்டிய வயிறு
நீர்ப்பையாய்த் தளும்பியது, அவ்வளவே.
அசை நின்றால் சீர் கெடும்,
சீர் கெட்டால் தளை ஒவ்வொன்றாய் அவிழும்.

குழாய் விட்டு உறிஞ்சிய சாற்றில் ஒரு துளி.
வண்டிக்குள், ஹீட்டரின் மேல் சூடாக்கிய கண்ணாடியில்.
நுண்ணோக்கியை மடியில் வைத்துக்கொண்டு
"பாரு கார்னி" என்றாள்.
பார்த்தேன்.
"ஒண்ணுமே இல்லையே."
"அதைத்தான் பார்க்கச் சொன்னேன்.
நல்ல வயித்துல இது சந்தை நாள்."

வெதுவெதுப்பான நீரில் ஆப்பசோடா கரைத்து
கழுவினோம், கழுவினோம்,
கையுறைக்குள் விரல் மரத்தது.
பிறகு அவள் வீட்டுக் கொட்டகைக்கு என்னை ஓட்டிப்போனாள்.
துலிப் என்றொரு கிழப்பசு,
பழைய ஆராய்ச்சி நிலையம் கழித்துவிட்டது,
விலாவில் ரப்பர் மூடி.
மூடியைத் திறந்து முழங்கை வரை உள்ளே விட்டாள்.
ஆவி எழுந்து அவள் கண்ணாடி மங்கிற்று.
பசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,
தன் போக்கில் மென்றுகொண்டிருந்தது.
துணியில் பிழிந்த பச்சைச் சாறு:
வெட்டிய புல், ஈரமண், லேசாக மோர்.
நாலு தெர்மாஸ் குடுவைகள்.
ஒரு தேசத்தை மடியில் அணைத்தபடி
பதினெட்டு மைல் திரும்பினேன்,
பிரேக்கை அழுத்தப் பயந்து.

ஆறு இறந்தன.
உறைந்த மண்ணில் குழி தோண்ட வழியில்லாமல்
வேலியோரம் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தோம்.

நாலாம் நாள், 417-இன் ஒரு துளியில்
ஏதோ ஒன்று
கண்ணாடியின் ஓரத்திலிருந்து உருண்டு வந்து
நின்று
வந்த வழியே போனது.
அன்று மாலை அதன் தாடை
பக்கவாட்டில் ஒருமுறை நகர்ந்தது.
கொஞ்சம் பொறுத்து, இன்னொருமுறை.

அதன் குளம்பில் ஒரு வரி விழும் என்கிறாள் லாரிசா.
இந்த வாரம் அதில் எழுதப்பட்டு
மெதுவாகக் கீழிறங்கித் தேயும்.
ஈரலில் விழுந்ததை
கசாப்புக்கூடத்தில்தான் பார்ப்பார்கள்.

பில் வந்தது. காரணம் என்ற கட்டத்தில்
'புயல்' என்று எழுதியிருந்தாள்.
நான் திருத்தவில்லை.