பத்து மில்லி நொடி

பேட்டை தொழிற்பேட்டையில்
நிக்கல் தொட்டிக்கு மின்சாரம் ஊட்டும் ரெக்டிஃபையர்
மூன்றாவது ஃபியூஸைத் தின்ற இரவு.
மீரான் முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"ஏ ஆவுடைச்செல்வி,
பழைய ஐசியையே போட்டிருக்கலாம்லா?"

போட்டிருக்கலாம்.
பதினாறு கால் வைத்த அந்தச் சில்லு
இருபத்திரண்டு வருஷம் வாய் திறக்காமல் உழைத்தது.
உள்ளே ஒரு சரிவு ஏறும்,
வெளியே குமிழைத் திருப்பி நாம் ஒரு கோடு போடுவோம்,
சரிவு கோட்டைத் தொட்டதும் துடிப்பு புறப்படும்.
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.
போன ஐப்பசி இடியில் வெடித்துப் போனது.
மாற்றாகக் கூரியரில் வந்த ஐந்தும்
பழைய எழுத்தைச் சுரண்டிப் புதிதாய் அச்சடித்த போலிகள்.
நகத்தால் தேய்த்தேன்,
பெயர் உதிர்ந்தது.

அதனால்தான் இந்த நூற்றெண்பது ரூபாய் மைக்ரோகண்ட்ரோலர்.
சொன்னதைச் செய்யும்.
சொன்னதை மட்டும் செய்யும்.

தைரிஸ்டர் அப்படி இல்லை.
ஜங்ஷன் டீக்கடையில் அரசியல் பேசுகிறவர் மாதிரி,
எடுத்துக் கொடுக்க ஒரு சொல் போதும்,
நிறுத்த யாராலும் ஆகாது.
மின்னோட்டம் தானாய் வற்றிச் சுழிக்கு வந்தால்தான்
வாய் மூடும்.
ஆக, சாத்துகிற அதிகாரம் எனக்கில்லை.
திறக்கிற நேரம் மட்டும் என்னுடையது.
முந்தித் திறந்தால் தாழ்ப்பாளின் விளிம்பு கருகும்,
பிந்தினால் தகரமாய் மங்கும்.
ஒரு சுழியிலிருந்து மறு சுழிவரை பத்து மில்லி நொடி,
அதற்குள் எவ்வளவு தாமதிப்பது என்பதே
என் மொத்த ராஜ்ஜியம்.

மாடு பிடிக்கப் போனவர் சுழி பார்ப்பதுபோல்
கம்பியில் ஸ்கோப்பை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினொன்றரைக்குப் பக்கத்து ஷெட்டில்
ட்ரெய்லர் ஒன்றுக்கு வெல்டிங் அடிக்க ஆரம்பித்தார்கள்.
வளைந்து வந்துகொண்டிருந்த அலையில்
பொக்குப் பொக்கென்று பள்ளம் விழுந்தது.
பள்ளத்துக்கு ஒரு பொய்ச் சுழி.
ஒவ்வொன்றுக்கும் விழுந்தடித்து எழுந்து
முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது நம்ம ஆள்.
ஒரு தடவை பிந்தி, மறுதடவை முந்தி,
ஒரு பக்கமே பாரம் ஏறி
ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமியது.
நாலாவது ஃபியூஸ்.

அதைத் திட்டி என்ன செய்ய?
சுழி கண்டால் எண்ணு என்றவள் நான்.
எந்தச் சுழி என்று சொல்லவில்லை.

"போயி அவனுவள நிறுத்தச் சொல்லட்டுமா?"
"இருங்க மொதலாளி."

வாசலில் ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி.
வடிகட்டி வந்த அலை கொஞ்சம் பின்தங்கியே வந்தது,
அந்தப் பின்தங்கலையும் அளந்து கணக்கில் கழித்தேன்.
பிறகு மூன்று விதிகள் எழுதினேன்.
போன சுழி போய் ஒன்பதரை மில்லி நொடி ஆகும்முன்
எவன் வந்து தட்டினாலும் நம்பாதே.
வரவேண்டிய நேரத்தில் வரவில்லையா,
வந்ததாக வைத்துக்கொண்டு நட.
மூன்று தடவை தொடர்ந்து வரவில்லையா,
எல்லாவற்றையும் நிறுத்து.

மூன்றாவதை
எனக்கென்று எழுதிக்கொள்ள ஏன் தோன்றவே இல்லை என்று
சால்டரிங் இரும்பு ஆறுகிற நேரம் யோசித்தேன்.
அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிறேன் என்றவரைப் பற்றி
இங்கே பேச்சில்லை.

ஒன்றே காலுக்குச் சுவிட்சைப் போடும்போது பார்த்து
பக்கத்து ஷெட் அமைதியாகிவிட்டது.
"டீ குடிக்கானுவ" என்றார்.
"போயி அடிக்கச் சொல்லுங்க மொதலாளி.
நல்லா, தடியா இருக்கிற கம்பியில."
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நீல வெளிச்சம் சுவரில் வெட்டியது.
ஆம்பியர் முள் முந்நூறில் ஏறி,
லேசாகச் சிலிர்த்து,
அங்கேயே நின்றது.

நாற்பது தாழ்ப்பாள் தொங்கிய கம்பியைத் தூக்கித்
தண்ணீரில் முக்கினார்.
ஒன்றைக் கழற்றிச் சட்டையில் துடைத்து
விளக்கடியில் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்.
"டவுனுக்கு இனி ஆட்டோ கிடைக்காதே உனக்கு?"
கிடைக்காது.
பக்கத்து ஷெட்டில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்,
போதும் என்று சொல்ல
நாங்கள் மறந்திருந்தோம்.