வலமிருந்து ஐந்தாவது

மூன்று நீள ஊதல். அப்புறம் ஒன்றுமில்லை.
திரை கறுப்பு. விசிறி மட்டும் வெட்டியாய்ச் சுற்றுகிறது.
புன்டா அரேனாஸில் ஜூன் மாத இரவு,
ஜலசந்தியிலிருந்து ஏறிவரும் காற்று
தகரக் கூரையின் ஆணிகளை ஒவ்வொன்றாய் விசாரிக்கிறது.
நாளை மாலை ஏழு மணிக்குக் குடியிருப்போர் கூட்டம்.
பதினான்கு வீடுகளின் எரிவாயுக் கணக்கும்
பொருளாளர் நான் என்பதால்
இந்தப் பெட்டிக்குள்.

கம்பளிச் சட்டையைக் கழற்றினேன், மின்பொறி தெறிக்குமே என்று.
வெப்பக் குழாயைத் தொட்டுவிட்டு
பக்கத் தகட்டின் திருகுகளைச் சாம்பல் கிண்ணத்தில் போட்டேன்.
தூசி, பூனைமுடி,
எப்போதோ தேடிய ஒற்றைத் தோடு.
நினைவகப் பட்டைகள் இரண்டு,
ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை.
முதலாவதை உருவினேன்: ஊதல்.
அதைச் செருகி மற்றதை உருவினேன்:
ஊதல் இல்லை, ஒளி வந்தது.
ஆக, நீதானா.

மகனின் அழிரப்பரால் அதன் பொன்பற்களைத் தேய்த்தேன்.
திரும்பச் செருகினால், என்ன ஆச்சரியம்,
நல்ல பிள்ளை போல எழுந்து நின்றது.
யாராயிருந்தாலும் இங்கே தூங்கப் போயிருப்பார்கள்.
எனக்கு மனசு கேட்கவில்லை.
அடித்ததும் ஒழுங்காகிற எதையும் நான் நம்புவதில்லை.
பென் டிரைவிலிருந்து சோதனையை ஓடவிட்டு
மாத்தே கோப்பையோடு உட்கார்ந்தேன்.

எழுது, படி, ஒப்பிடு. எழுது, படி, ஒப்பிடு.
முதல் சுற்று சுத்தம். இரண்டாவதும்.
மூன்றாவதில் கண் செருகியது.
பெட்டி நன்றாகச் சூடேறிய நாலாவது சுற்றில்,
அதிகாலை நாலரைக்கு,
ஒரே ஒரு சிவப்பு வரி:

கொடுத்தது 00000000
கிடைத்தது 00010000

கோடிக்கணக்கான அறைகளில் ஓர் அறை.
அதில் வெறுமையை வைத்தால்
ஒன்றைத் திருப்பித் தருகிறது, கேட்காமலே.

வலமிருந்து ஐந்தாவது இடம்.
பதினாறு பதினாறாய் ஏறும் கணக்கு அது.
மின்கட்டண உறையின் பின்புறம் பெருக்கினேன்.
பதினாறு. இருநூற்று ஐம்பத்தாறு.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.
நாலாவது பெருக்கலை முடிக்கும் முன்பே
விடை தெரிந்துவிட்டது,
கோப்பையைக் கீழே வைத்தேன்.

அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு.

மே மாதக் கூட்டத்தில்
எல்லார் முன்னாலும் எழுந்து சொன்ன தொகை.
"நீ வசூலித்த உறையில் இவ்வளவு குறைகிறது, யெர்கோ."
அவன் என்னையே பார்த்தான்.
பதில் சொல்லவில்லை.
மறுநாள் கதவிடுக்கில் அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று நாற்பது;
பத்து பேசோவுக்குக் கீழே நாணயம் இல்லாத ஊர்.
மிச்சம் நாலு பேசோவை
"உபரி" என்று வரவில் எழுதிக்கொண்டேன்,
அவ்வளவு நேர்மை எனக்கு.
அன்றிலிருந்து படிக்கட்டில் அவன் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

ஆறு பேசோவைத் திருடுகிறவன் எப்படித் திருடுவான்
என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.
எண் அவ்வளவு துல்லியமாக இருந்தது.
துல்லியம்தான் சாட்சி என்று நினைத்தேன்.
வட்டு பாவம், தப்பாகக் கேட்டதை
ஒரு புள்ளி பிசகாமல் பத்திரப்படுத்தியிருந்தது.

துறைமுக இரவுப்பணி முடிந்து
ஆறரைக்கு அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது.
பணத்தையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு
இரண்டு மாடி இறங்கினேன்.
வாசலிலேயே சொன்னேன், கோர்வையில்லாமல்,
வெப்பம், சிவப்பு வரி, பதினாறு.
யெர்கோ பட்டையை வாங்கி விளக்கில் திருப்பிப் பார்த்தான்.
எட்டுச் சில்லும் ஒன்றுபோல் இருந்தன.
"இதில் எது?"
தெரியவில்லை என்றேன்.

பணத்தை எண்ணினான், மெதுவாக,
பத்து பேசோ நாணயங்கள் வரைக்கும்.
பிறகு கேட்டான்:
"இதையும் எழுந்து நின்று சொல்வாயா?"