நட்சத்திரம் இடாத கட்டம்

பிறையில் இருக்கிறது அந்தத் தொழிற்சாலை.
வாளி, கூடை, மூடி, நாற்காலிக் கால்.
எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள் வேண்டுமென்றார் முதலாளி கோர்.
கூடையின் கணக்கு வாளிக்குப் பொருந்தாது
என்று சொன்னவரும் அவரே,
அதே மூச்சில்.

நான்கு மாதமாக முதல் ஃபெரியில் கடல் தாண்டுகிறேன்.

கிடங்கில் லோகாம்பாள் கேட்டார்:
"மூட்டை வந்துச்சு, பாதி நனைஞ்சு.
வந்ததுன்னு போடவா, வரலைன்னு போடவா?"
என் திரையில் இரண்டே பொத்தான்கள்.
இரவு விழித்து மூன்றாவதைச் செய்தேன்.
மறுநாள் நான்காவது லோரியில் வந்தது:
நனையாத மூட்டை,
ஆனால் நம்முடையது இல்லை.

போகட்டும் என்று
எல்லாக் கட்டங்களின் பூட்டையும் கழற்றினேன்.
ஒரே வாரம்.
விலை என்ற இடத்தில் யாரோ "நாளைக்கு" என்று எழுதியிருந்தார்கள்.
எடை என்ற இடத்தில் ஒரு தொலைபேசி எண்.
அழைத்தேன்.
"எடையா? எண்பத்திரண்டு" என்றார் லோரி ஓட்டுநர்,
கொஞ்சம் வெட்கத்தோடு.
மறுபடி பூட்டினேன், எல்லாவற்றையும் அல்ல.
எதைப் பூட்டுவது என்பதற்கே
இரண்டு மாதம் போனது.

பிறகு பெயர்.
குடும்பப் பெயர் கட்டாயம் என்று
சிவப்பு நட்சத்திரம் குத்தியிருந்தது
எங்கோ பனி கொட்டும் ஊரில் வார்த்த அச்சு.
ஜாவாவிலிருந்து வந்த சுலாஸ்த்ரிக்கு
அந்த ஒற்றைச் சொல்தான் முழுப்பெயர்.
கட்டம் விடவில்லை; குமாஸ்தா ஒரு புள்ளி வைத்தார்.
சம்பளச் சீட்டு அவளை
"அன்புள்ள திருமதி புள்ளி" என்றது.
எனக்கு மட்டும் ஏது?
அடையாள அட்டையில் ஒரு சாய்கோடு,
அதற்கு அந்தப் பக்கம் அப்பா.
நட்சத்திரத்தைப் பிடுங்கினேன்.

நோன்பின் கடைசி வாரம்.
"பெருநாள் விடுமுறை புதனா, வியாழனா?"
சம்பளப் பிரிவிலிருந்து ரொஸ்னானி.
பிறை தெரிந்தால் புதன்.
மென்பொருள் தேதி கேட்டது.
வெற்றிடம் வைத்தால் விடுமுறையே இல்லை என்று எடுத்துக்கொள்ளும்;
பூச்சியம் வைத்தால் ஏதோ ஒரு நூற்றாண்டுக்கு ஓடிவிடும்.
"இன்னும் தெரியாது" என்று
ஒரு மதிப்பைப் புதிதாகச் சேர்த்தேன்.
வெற்றிடமும் அல்ல, பூச்சியமும் அல்ல.
நான் எழுதியதிலேயே சின்ன நிரல் அதுதான்.

அன்று மாலை பிறையில் பாதிப்பேர் மேற்கே பார்த்தார்கள்.
மேகம்.
இரவு தொலைக்காட்சியில் வியாழன் என்றார்கள்.
ஒரு கட்டத்தைத் தட்டினேன்;
முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் ஷிப்டு
ஓசையில்லாமல் ஒரு நாள் நகர்ந்தது.

மடிக்கணினியை மூடும்போது லோகாம்பாள் அழைத்தார்.
"அப்போ புதன்கிழமை லோரி வருமா?"

இன்னும் தெரியாது என்றேன்.
அப்படியே போட்டுக்கொள்ளச் சொன்னேன்.