ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது

முதலில் நாற்காலிகள் வந்தன.
தெற்கே எங்கோ இடித்துப்போட்ட
பெரிய மைதானம் ஒன்றிலிருந்து
இரண்டு லாரி நிறைய.
ஒன்று ஐந்து பவுண்டு, போல்ட் தனி.

மேல் டிவிஷனுக்குப் போவதென்றால்
கூரைக்கடியில் ஐந்நூறு இருக்கை வேண்டும் என்றது லீக்.
கில்வாரியில் சனிக்கிழமைதோறும் வருவது
இருநூறு பேர்.
மழையென்றால் நூற்றெண்பது.
மழையில்லாத சனிக்கிழமையை இந்தக் கடற்கரையில்
யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்,
குறித்துக்கொள்கிறேன்.

குறிப்பது என் வேலை.
ஈஷ்பல் மக்ரே, செயலாளர்,
சம்பளம் கிடையாது, சாவிக்கொத்து உண்டு.

நீல நாற்காலிகளுக்கு நடுவே வெள்ளை நாற்காலிகள்.
அந்தப் பெரிய ஊர் தன் பெயரை
அவற்றால்தான் எழுதி வைத்திருந்ததாம்.
டூகலும் அவன் மச்சானும்
விரல் மரத்த பிப்ரவரியில்
கைக்கு வந்ததை வந்த இடத்தில் முடுக்க,
பெயர் கலைந்து
ஒரு சாய்ந்த ஏணி,
முக்கால் வட்டம்,
கொக்கி,
பல் போன சீப்பு.

என்ன எழுதியிருக்கிறது என்று
வெளியூர் அணிக்காரர்கள் கேட்பார்கள்.
கேலிக் மொழி, என்போம்.
மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பிறகு விளக்குக் கம்பங்கள் நான்கு.
எரிந்த முதல் இரவில்
கடல்காகங்கள் விடிந்துவிட்டதென்று எழுந்து
பெனால்டி பெட்டிக்குள் இறங்கி
புழு தேடின.

பிறகு சுழல்கதவு.
பழையதில் காலால் மிதித்தால் ஒரு 'டக்',
அது ஓர் ஆள்.
பையன்கள் இருவர் ஒட்டிக்கொண்டு நுழைந்தாலும்
ஒரே டக்.
புதியது தலையைத் தலையாக எண்ணும்,
பொய் சொல்லாது.
அதுதான் தொல்லை.

ஜனவரியில் கோப்பைக் குலுக்கலில்
பெரிய அணி ஒன்று எங்கள் மடியில் வந்து விழுந்தது.
மீன் தொழிற்சாலை அரை நாள் லீவு விட்டது.
படகுக்காரர்கள் கூடுதலாக ஒரு நடை ஓட்டினார்கள்.
பல் டாக்டர் வந்தார், என்னைப் பார்த்து
சிரிக்கச் சொல்லாத முதல் நாள்.
எள் போட்டால் எள் விழாது,
மழைக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்தது.

எதிர்க்கரையில் நின்று பார்த்தேன்:
சீப்பு போயிற்று,
கொக்கி போயிற்று,
ஏணி, ஒவ்வொரு படியாக.
எங்கள் கேலரி
முதன்முறையாக ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

கவுன்சில் சான்றிதழில் ஆயிரத்து நூறு,
அதற்குமேல் ஒரு தலை கூடாது.
மீட்டரில் ஆயிரத்து நூற்று முப்பத்தேழு.

எழுபதாவது நிமிடம்
மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு
எவ்வளவு என்றான் ஃபின்லே.
மூன்றாவது வரிசையில் கவுன்சில் அதிகாரி,
மடியில் சூடான மட்டன் பஃப்ஸ்,
இரு பக்கமும் தோள்கள் நெருக்க
நிமிரக்கூட முடியாமல்.

ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது, என்றேன்.

அறிவித்ததும் கேலரி சிரித்தது.
முன்வரிசையில் பிறந்து
பின்வரிசைக் கம்பிவரை போய்த் திரும்பியது சிரிப்பு.
அதிகாரியும் சிரித்தார், பிறகு
பஃப்ஸைக் கவனமாகக் கடித்தார்.
நாங்கள் நான்கு கோலில் தோற்றுக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை
மழை. வட்டம், கொக்கி, சீப்பு
எல்லாம் திரும்பி வந்திருந்தன.
ஏணியில் மட்டும் ஒரு படி குறைந்தது.

போய்ப் பார்த்தேன்.
பச்சை ரெயின்கோட்டில் ஒரு பெண்,
மீன் தொழிற்சாலையில் வேலை, பெயர் டைவா,
லிதுவேனியாவிலிருந்து வந்து நான்கு வருஷம்.
மைதானத்துக்கு வந்தது
போன வாரம்தான் முதல் தடவையாம்.

இங்கே என்ன எழுதியிருக்கிறது, என்று
இருக்கையைத் தட்டிக் கேட்டாள்.

கேலிக், என்றேன், பழக்கதோஷம்.

இரண்டு வருஷமாய் நூலகத்தில்
செவ்வாய்தோறும் கேலிக் படிக்கிறாளாம்.
எழுந்துபோய் எட்ட நின்று,
கண்ணில் மழையைத் துடைத்துக்கொண்டு
நெடுநேரம் வாசித்துப் பார்த்தாள்.

இல்லை, என்றாள்.

திரும்பி வந்து
அதே படியில் உட்கார்ந்தாள்.

நூற்றெண்பத்தொன்று.
அன்று மீட்டரும் நானும்
ஒரே எண்ணைச் சொன்னோம்.