முள்ளோடு பதினான்கு

பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரி ஏலத்தில்
யாரும் கை தூக்காத வேனை
நான் எடுத்தேன்.
ரேடியேட்டர் கிடையாது.
எஞ்சின் பின்னால், பெட்டிகளுக்கு அடியில்
காற்றைக் குடித்து ஓடுகிறது.
தண்ணி கேட்காத வண்டி,
திசையன்விளைக்குப் பொருத்தந்தான் என்றார்கள்.

மூன்றாம் சிலிண்டர் முதலில் காயும்.
அதற்கு வருகிற காற்றை
ஆயில் கூலர் வழியிலேயே மறித்துக்கொள்கிறது.
அந்தப் பிளக்கின் அடியில் வளையம் ஒன்றைப் போட்டு
வயரை டேஷ்போர்டு வரை இழுத்து
ஒரு மீட்டரில் முடிந்துவிட்டு
ஞானதிரவியம் மெக்கானிக் சொன்னார்:
'முள்ள அப்படியே நம்பாதயும்வே.
அது காட்டுறது வித்தியாசம் மட்டுந்தான்.
செஞ்சவன் ஊர்ல பகல் இருபது டிகிரி.
நம்ம ஊரு மிச்சத்த
நீருதான் கூட்டிக்கிடணும்.'

கூட்டுவது சொர்ணக்கிளி.
பீடிக் கம்பெனியின் பழைய பாஸ்புத்தகத்தில்
இலை என்ற கட்டத்தில் ஊர்,
தூள் என்ற கட்டத்தில் முள்,
கட்டு என்ற கட்டத்தில் வண்டிக்குள் சூடு.
ஓரத்தில் கூட்டுத்தொகை, அடிக்கோடிட்டு.
முன்பக்கங்களில் கணக்கப்பிள்ளையின் கையெழுத்து:
அவள் சுற்றியதில்
எத்தனை கழித்துப் போட்டார்கள் என்று.

இன்று ஆடி பதினொன்று.
நாகர்கோவிலுக்கு நாற்பது பெட்டிக் கருப்பட்டி.
பணகுடி தாண்டியதும்
ஆரல்வாய்மொழிக் கணவாய்
எங்கள் முகத்தில் வாய் வைத்து ஊதியது.
இரண்டு பக்கமும் காற்றாலைகளுக்கு நல்ல வரும்படி.
நாங்கள் மூன்றாம் கியரில் முட்டி முட்டிப் போனோம்.
காற்றால் ஆறுகிற வண்டி
காற்றோடு மல்லுக்கட்டியே காய்கிறது.

நேற்று ராத்திரியிலிருந்து பேச்சில்லை.
அவள் வளையலை வைத்து நான் டயர் மாற்றியதை
அடகுக்கடைக்காரன் மனைவி சொல்லித்தான்
அவளுக்குத் தெரிந்தது.
எண்கள் மட்டும் வந்தன.
'நூத்தி அறுபத்தஞ்சு.'
'ம்.'
'நூத்தி எண்பத்தஞ்சு. கூட்டினா
நூத்தித் தொண்ணூத்தொம்பது.'
அதற்குள் பின்னாலிருந்து பாகு வாசம்.
முள்ளுக்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

ஓரங்கட்டி, சாவியைத் தொட்டேன்.
'ஆஃப் பண்ணாதிய.
ஃபேன் நின்னா இன்னும் ஏறும்.'
எனக்கும் தெரியும். தெரிந்தும் கை போகிறது.
நேற்று பாதிப் பேச்சில்
கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனவன்தானே.

நின்ற இடத்தில் ஓடவிட்டு
பின்மூடியைத் தூக்கினேன்.
ஃபேன் உறிஞ்சுகிற வாயில்
தேரிச் செம்புழுதி அப்பி
ஒட்டிக் கிடந்தது ஒரு நோட்டீஸ்.
அவள் பேனாவால் நெம்பி எடுத்தாள்.
அசன விருந்து, அனைவரும் வருக.
உபயதாரர் ஒருவரின் மீசையில்
துளை விழுந்திருந்தது.

'போன மாசத்து அசனம்' என்றாள்.
எஞ்சினைப் பற்றியல்லாத முதல் வாக்கியம்.
நான் சிரிக்கலாமா என்று யோசித்து
பெட்டிகளைத் தொட்டுப் பார்க்கப் போனேன்.
நாலு மட்டும் வியர்த்திருந்தன.

ஏழு நிமிடம்.
முள் மெதுவாக, மனசில்லாமல் இறங்கியது.
மடியில் பாஸ்புத்தகத்தை விரித்து எழுதினாள்:
காவல்கிணறு, 140, 34.
ஓரத்தில் 154, அடிக்கோடு.
அதற்கும் கீழே, கட்டம் போடாத இடத்தில்
வளையல், 21,000.
அதற்கு மட்டும்
கோடு போடவில்லை.