ரெண்டு பேரை மட்டும் கேள்

திங்கள் இரவு பதினொன்றரை.
ஈரோட்டு ஜவுளிச் சந்தையில்
மூட்டை அவிழும் சத்தம் எனக்குக் கேட்காது.
பெருந்துறையில் ஓர் அறையில் இருக்கிறேன்.
எனக்குத் தெரிவதெல்லாம்
மொட்டைமாடிக் கோபுரத்தின் காலடியில்
ஒரு பெட்டி சிவந்துகொண்டு வருவது.

அதற்குள் மூன்று சர்வர்.
காற்று வடிகட்டியைத் துடைக்கப் போன நசீமா சொன்னாள்:
"மஞ்ச பூசிச் சீருக்கு உக்கார வெச்சாப்பல இருக்குதுங்கக்கா."

தலைச்சேரி வியாபாரி
லுங்கியை விரித்துக் கேமராவுக்குக் காட்டுகிறார்;
அந்தக் கரை வேண்டாம் என்கிறது மறுமுனை.
லாரிகளின் ஜிபிஎஸ், கியூஆர் அட்டை,
துணியில் இழை அறுந்த இடம் தேடும் செயலி,
எல்லாம் ஒரே நொடியில்
பக்கத்துப் பெட்டியைத்தான் கேட்கும்.
பக்கம் என்பதற்காகவே கேட்கும்.

சித்தோட்டுச் சர்வர் சும்மா கிடக்கிறது.
பவானிக்குப் பாதித் தூக்கம்.

போன மாதம் ஒரு தப்புச் செய்தேன்.
யார் காலி என்று எல்லாருக்கும் அறிவித்தேன்.
ஐந்து நொடி பழைய சேதி.
சித்தோடு காலி என்றதும்
மொத்தச் சந்தையும் சித்தோட்டுக்கு ஓடி நெரிந்தது.
அங்கிருந்து பவானிக்கு. பவானியில் நெரிந்து திரும்ப.
ஈரோட்டுப் பெட்டி அப்போது ஆளில்லாமல் குளிர்ந்து கிடக்க,
தெய்வசிகாமணி கடையில் நாற்பது பேர்
பணம் போச்சா போகலையா என்று
சுற்றுகிற வட்டத்தைப் பார்த்து நின்றார்கள்.

கீழ்பவானி வாய்க்கால் மாதிரி
ஒற்றைப்படை மதகு இந்தப் போகம்,
இரட்டைப்படை அடுத்த போகம்,
அப்படி முறை வைக்கலாமே என்றார் மேலாளர்.
கோபிக்காரர்; வேறெப்படிச் சொல்வார்.
வயல் காத்திருக்கும் சார்.
இது நாற்பது மில்லிநொடிக்குமேல் காத்திருக்காது.

இப்போது வேறு விதி.
ஒவ்வொரு வேலையும் கண்ணை மூடி
ஏதோ இரண்டு பெட்டியைத் தொடும்.
இரண்டில் குட்டை வரிசையில் நிற்கும்.
அவ்வளவுதான். ஊரெல்லாம் விசாரிக்க வேண்டாம்.
போகிற தூரத்தையும் வரிசையோடு சேர்த்து
எண்ணச் சொல்லியிருக்கிறேன்:
சும்மா இருக்கிறது என்பதற்காக
சத்தியமங்கலம் வரைக்கும் யாரும் போகவேண்டியதில்லை.

மணி ஒன்றேகால்.
திரையில் கோடுகள் ஒரே உயரத்தில் இல்லை.
இருக்கவும் வேண்டாம்.
ஈரோடு கொஞ்சம் மூச்சு வாங்குகிறது,
பவானி கொட்டாவி விடுகிறது,
யாரும் விழவில்லை.

டீ குடிக்க இறங்கினேன்.
பைபாஸ் ஓரம் ரெண்டே கடை.
ஒன்றில் லாரிக்காரர்கள் கூட்டம்.
விதிப்படி மற்றதில் போய் நின்றேன்.

"சித்த நேரம் ஆகுமுங்க" என்றார் கடைக்காரர்,
"இப்பத்தான் அடுப்பே பத்த வெச்சேன்."